சாரல் ஊரில் பழைய கார்: துருவைப் புரிந்துகொள்வதும் நிறுத்துவதும்

குற்றாலத்தில் சீசன் நன்றாக அமைந்த வருஷத்தில் தென்காசி வட்டாரமே பூரித்துப்போகும். ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி வரும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் கொட்டும். ஆவணி வரை இளவெயிலும் சாரலும் மாறி மாறி வரும். மனிதர்களுக்கு இதைவிடச் சுகமான பருவம் கிடையாது. ஆனால் இந்த வட்டாரத்தில் ஓடும் ஒரு பழைய மாருதி 800-க்கோ ஆம்னிக்கோ அம்பாசடருக்கோ வருஷத்தில் மிக மோசமான காலம் இதுதான்.

மழை அதிகமானால் துருவும் அதிகமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், எவ்வளவு தண்ணீர் விழுந்தது என்பதைவிட எத்தனை மணி நேரம் தகடு ஈரமாக இருந்தது என்பதுதான் துருவின் கணக்கு. ஈரப் படலம் ஒன்று இரும்பின் மேல் படிந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலம் உருவாகிறது. ஓரிடத்தில் இரும்பு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைகிறது. பக்கத்தில் இன்னோரிடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. ஈரம் காய்ந்ததும் இந்த வேலை நின்றுவிடும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடித்தால் தகடு தப்பித்துக்கொள்ளும். நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கும் சாரலில் தகடு காய்வதே இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், சாரல் ஓய்ந்திருக்கும் நேரத்திலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஈரம் தகட்டில் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடரும்.

துரு ஒருமுறை பிடித்துவிட்டால் அது அடுத்த துருவுக்கு வழிசெய்கிறது. அது நுண்துளைகள் நிறைந்த பொருள் என்பதால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கரைந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலே இருக்கும் பெயிண்டை உப்பவைத்துத் தூக்கிவிடும். வெளியே கொப்புளம் தெரிகிறது என்றால், அதன் அடியில் அதைப்போலப் பல மடங்கு பரப்பில் துரு ஓடியிருக்கும். கொப்புளத்தின் மேல் மட்டும் தேய்த்து டச்சப் பெயிண்ட் பூசுவது வீண்வேலை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இரும்பு எந்த ஊரில் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதை அளந்து பார்க்கும் நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாய் நன்கொடையிலும் உருவான மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது. உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் வைத்து, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்த்து, இந்தியாவுக்கென ஓர் அரிமான வரைபடத்தையே அந்த நிறுவனத்தார் தயாரித்திருக்கிறார்கள். கடலோரம் மிக மோசமான இடம் என்பதற்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-இல் திறந்த பழைய பாலத்தில், அரிமானத்தால் பலவீனமடைந்த தூக்குப் பகுதி காரணமாக 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறக்கப்பட்டது.

தென்காசியில் கடல் இல்லையே, பிறகென்ன என்று இருந்துவிட முடியாது. உப்பு இல்லாத குறையை இங்கே ஈர நேரம் ஈடுகட்டிவிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் ஆபத்து. தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ பல வருஷம் ஓடிய காரை வாங்கிவந்து குற்றாலச் சாரலில் நிறுத்தினால், அதன் இடுக்குகளில் படிந்திருக்கும் உப்புத்தூள் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்க ஆரம்பித்துவிடும். பழைய கார் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பவர்கள், எந்த ஊரில் நின்றது என்பதையும் கேட்க வேண்டும்.

தென்காசிக் கோயில் கோபுர வாசலில் முகத்தில் மோதும் காற்றை அறியாதவர் இந்த ஊரில் இருக்க மாட்டார். அந்தக் காற்று காருக்கு ஓரளவு நன்மையும் செய்கிறது. பானட், கூரை, கதவின் வெளிப்புறம் எல்லாம் சாரல் விட்ட சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். காற்றுப் போகாத இடங்கள்தான் சிக்கல். கதவின் உள்கூடு, கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி போன்ற சட்டம் (பட்டறையில் ரன்னிங் போர்டு என்பார்கள்), மட்கார்டின் உள்மடிப்பு, டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன்கண்ணாடிக்கு அடியில் வைப்பர் இருக்கும் பள்ளம், பேட்டரி தட்டு ஆகிய இடங்களில் நுழைந்த தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். வெளியே பளபளவென்று இருக்கும் கார் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அரிப்பது இதனால்தான்.

குற்றாலத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு காரில் ஏறுவது. எண்ணெய் தேய்த்துக் குளித்த குடும்பம் ஒன்று சொட்டச் சொட்ட ஒரு ஆம்னிக்குள் ஏறினால் எவ்வளவு தண்ணீர் தரையில் இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேலே விரித்திருக்கும் ரப்பர் மேட்டைத் துடைத்துவிட்டால் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். அதன் அடியில் இருக்கும் கார்ப்பெட்டும், அதற்கும் அடியில் சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் பஞ்சு விரிப்பும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விடாது. சீசன் முழுக்க வாடகைக்கு ஓடும் வண்டிகளில் தரைத்தகடு மேலிருந்து அரிப்பது இப்படித்தான். கீழே எவ்வளவு கோட்டிங் அடித்திருந்தாலும் இதற்குப் பயன் இல்லை. காருக்குள் மூடினால் ஒரு பூஞ்சை வாடை வருகிறது, காலையில் கண்ணாடிகளில் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது என்றால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும். சீசனில் வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் நான்கு கதவையும் திறந்து, மேட், கார்ப்பெட், பஞ்சு மூன்றையும் வெளியே எடுத்துக் காயப்போடுவது செலவில்லாத வைத்தியம். வாடகை வண்டி என்றால் அந்தப் பஞ்சை நிரந்தரமாகவே எடுத்துவிட்டு வெறும் ரப்பர் மேட் போட்டுக்கொள்வது நல்லது. கொஞ்சம் சத்தம் கூடும், தரை பிழைக்கும்.

காரைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு டார்ச், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், துணி சுற்றிய ஒரு சின்னக் காந்தம் போதும். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகடு மொத்தென்று ஒலிக்கும். அந்த இடத்தில் முனையை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறதா என்று தெரிந்துவிடும். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடத்தில் முன்பே யாரோ பட்டியைத் தடவி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். காரின் அடியில் பார்க்கும்போது பிரேக் பைப்பையும் பெட்ரோல் பைப்பையும் விட்டுவிடாதீர்கள். பாடியில் ஒரு ஓட்டை இருந்தால் அசிங்கம். பிரேக் பைப்பில் துரு தின்ற இடம் இருந்தால் குற்றாலத்திலிருந்து ஐந்தருவி போகும் ஏற்ற இறக்கத்தில் உயிருக்கே ஆபத்து. செதில் விட்டிருந்தால் மற்ற எந்த வேலைக்கும் முன்னால் அதை மாற்றிவிடுங்கள்.

கதவுகளின் அடிவிளிம்பில் நீளவாக்கில் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேறுவதற்காகவே வைத்த துளைகள் அவை. மண்ணும் பழைய பெயிண்டும் அடைத்துக்கொண்டால் கதவின் அடிப்பகுதி தொட்டியாக மாறிவிடும். ஒரு மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய்ய ஐந்து நிமிஷம் ஆகும். வைப்பர் பள்ளத்திலும் அப்படித்தான். மரத்தடியில் நிறுத்தும் காரில் இலைச் சருகு அங்கே மக்கிக் கிடக்கும். ஈரச் சருகு மூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைவு, அதைச் சுற்றி அதிகம். இந்த வேறுபாடே மின்கலத்தை முடுக்கிவிட்டு, சருகுக்கு அடியில் உள்ள இரும்பைத் தின்னும். ஒரு செம்பு தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றி, அது இரண்டு பக்கமும் மட்கார்டுக்கு உள்ளே வடிந்து கீழே விழுகிறதா என்று பாருங்கள். விழாமல் காருக்குள் கால்வைக்கும் இடத்தில் கசிந்தால், அந்த மடிப்புகளில் சீலன்ட் வெடித்துவிட்டது என்று பொருள்.

இனி வைத்தியம். மேலோடு மட்டும் பழுத்த செந்துரு, செதில் செதிலாக உரியும் துரு, ஓட்டை விழுந்த தகடு ஆகிய மூன்றும் மூன்று வேறு நோய்கள். மூன்றுக்கும் ஒரே மருந்தைப் பூசுவதுதான் பாதிச் செலவு வீணாவதற்குக் காரணம்.

மேலோட்டத் துருவை உங்கள் வீட்டு வாசலிலேயே சரிசெய்யலாம். கம்பி பிரஷாலும் எமரித் தாளாலும் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். கொப்புளத்தின் ஓரத்தோடு நிறுத்தாமல், பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடம்வரை விரிவாகத் தேய்ப்பது முக்கியம். எவ்வளவு தேய்த்தாலும் தகட்டின் நுண்குழிகளில் கொஞ்சம் கருந்துரு மிஞ்சும். அதற்குத்தான் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்கும் திரவம். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். தில்லி மெஹ்ரௌலியில் சுமார் 1,600 ஆண்டாக நிற்கும் இரும்புத்தூணின் மேல் இருப்பதும் ஒரு பாஸ்பேட் படலமே என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார். தில்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை. ஐந்தருவிப் பக்கம் நின்றிருந்தால் அந்தத் தூணின் கதை வேறாக இருந்திருக்கலாம். வேறு சில கன்வெர்ட்டர்களில் டானிக் அமிலம் இருக்கும். அது துருவோடு சேர்ந்து கருப்பான, கரையாத பொருளாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர் எழுத்துமை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். அதற்காகக் கடுக்காய்க் கஷாயத்தைக் காரில் தடவ வேண்டாம். கடையில் கிடைக்கும் கன்வெர்ட்டரில் படலமாக உறையும் பிசினும் கலந்திருப்பதால்தான் அது நிலைக்கிறது. எதுவானாலும் உதிரும் துருவைச் சுரண்டி எடுத்த பிறகே பூச வேண்டும். செதிலின் மேல் பூசினால் செதில் கருப்பாகும், அடியில் இருக்கும் துரு அப்படியே இருக்கும்.

அதற்கு மேல் பிரைமர். பட்டறைகளில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, பெயிண்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காரை அனுப்புவதுண்டு. இந்த ஊருக்கு அது ஒத்துவராது. சாதாரண பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், பட்டியும் அப்படியே. மேலே கலர் பூசாத பட்டியோடு ஒரு காரைச் சாரலில் ஒரு வாரம் ஓட்டினால், பட்டி உறிஞ்சிய தண்ணீர் தகட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். பிறகு அதன்மேல் எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஆடிக்குள் உப்பிவிடும். வெறும் தகட்டின் மேல் முதல் பூச்சாக எபாக்ஸி பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கலவைகளைச் சேர்த்து அடிக்கும் அந்த பிரைமர் தண்ணீரைத் தடுப்பதில் ரெட் ஆக்சைடைவிடப் பல படி மேல். பட்டி தேவைப்பட்டால் அதற்கு மேலே மெல்லிசாக வரட்டும்.

பெயிண்ட் வேலைக்கு நாள் பார்ப்பது இங்கே அவசியம். சாரல் காலத்தில் தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படியும். பழைய அம்பாசடர்களுக்கு அடிக்கும் என்.சி. பெயிண்டில் இது பால் கொட்டியதுபோல வெளிறித் தெரியும். வெளிறல் கண்ணுக்குத் தெரிகிறது, திருத்திவிடலாம். பிரைமருக்கு அடியில் தகட்டில் படிந்த ஈரம் கண்ணுக்குத் தெரியாது. துரு அங்கிருந்து கிளம்பும். தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தொழிற்சாலைகளில் வைத்திருக்கும் பொதுவிதி. இங்கே அதன் அர்த்தம் எளிது: தை முதல் சித்திரை வரை வேலையை முடித்துவிடுங்கள். ஆனி, ஆடி, ஆவணி கூடாது; ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் கூடாது. சூடேற்றும் பெயிண்ட் பூத் வைத்திருக்கும் பட்டறைக்கு மட்டுமே விதிவிலக்கு. சீசன் தொடங்கிய பிறகு கொப்புளத்தைப் பார்த்துவிட்டீர்கள் என்றால், சுரண்டிச் சுத்தம்செய்து, காய்ந்த ஒரு மதியத்தில் மெழுகோ கிரீஸோ தடவி வைத்துக்கொண்டு, தைக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். கிரீஸைப் பிறகு துளிகூட மிச்சமில்லாமல் துடைத்தெடுக்க வேண்டும்.

ஓட்டை விழுந்துவிட்டால் வெல்டிங் தவிர வேறு வழியில்லை. இதில் உறுதியாக இருங்கள். எம்-சீல், ஃபைபர் துணி, பட்டி இவற்றால் ஓட்டையை அடைத்துப் பெயிண்ட் அடித்துத் தந்தால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 எதிலும் பாடிக்கு அடியில் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் முழு எடையையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு ஒரு அலங்காரத் தகடு அல்ல, காரின் முதுகெலும்பு. மோதல் நேர்ந்தால் உள்ளே இருப்பவர்களின் காலைக் காப்பதும் அதுதான். ஜீப்பிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் தனி சேஸிஸ் இருப்பதால் அங்கே பாடித் துருவுக்கு அவகாசம் உண்டு, மற்றவற்றில் இல்லை.

நல்ல டிங்கர் துரு தெரியும் இடத்தோடு நிற்க மாட்டார். தகடு முழுக் கனத்தோடு இருக்கும் இடம்வரை வெட்டியெடுத்துவிட்டு, அங்கிருந்து புதுத் தகடு வைப்பார். பாடித் தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் கனம். 22 கேஜ் தகடு அதற்குப் பொருத்தம். கேஸ் வெல்டிங் மெல்லிய தகட்டை வளைத்துவிடும், பின்பக்கப் பெயிண்டையும் தூரம்வரை எரித்துவிடும் என்பதால் சி.ஓ.2 வெல்டிங் உள்ள பட்டறையைத் தேடுங்கள். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போக வேண்டும். ஜி.ஐ. தகடு போட்டால் துருவுக்கு நல்லதுதான், ஆனால் வெல்டிங் ஓரத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் வேலை செய்பவருக்கு அன்று இரவே காய்ச்சல் வரும். ரன்னிங் போர்டை முழுதாக வெட்டும் வேலை என்றால், காரைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டு, கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேலை முடிந்ததும் கதவு மூடாது. பேட்டரியைக் கழற்றினார்களா, சீட்டும் விரிப்பும் வெளியே வந்தனவா, கேஸ் கிட் உள்ள ஆம்னியில் சிலிண்டரை இறக்கினார்களா, பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் தீ வைக்காமல் அதைக் கழற்றினார்களா என்பதையெல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெல்டிங் முடிந்த இடத்தின் உள்பக்கம்தான் அடுத்த துருவின் பிறப்பிடம். வெளியே பெயிண்ட் அடித்துவிட்டு உள்ளே எரிந்த வெற்றுத் தகட்டோடு விட்டுவிட்டால் செய்த வேலை நீடிக்காது. நீண்ட குழாய் முனை வைத்து ரன்னிங் போர்டு, கதவுக்கூடு, பின்சட்டம் ஆகியவற்றுக்குள் மெழுகுத் திரவத்தைத் தெளிக்க வேண்டும். கேவிட்டி வாக்ஸ் என்று கேட்டால் பெயிண்ட் கடையில் வரவழைத்துத் தருவார்கள். தெளித்த பிறகு வடிகால் துளைகளை மீண்டும் கம்பி விட்டுத் திறந்துவிடுங்கள்.

அடிப்பகுதிக்கு ரப்பர் கோட்டிங் அடிப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுத்தமான தகட்டின் மேல் அது நல்ல கவசம். துருவின் மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்ததாகிவிடும்; அடியில் தகடு மறைந்துபோன பிறகும் கோட்டிங் மட்டும் முழுதாக நிற்கும். கழிவு எஞ்சின் ஆயில் அடிக்கும் பழக்கமும் பழையது. துருவைத் தடுப்பது உண்மை என்றாலும், ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் பிடிக்காது, சாரலில் கழுவப்பட்டுச் சிற்றாற்றுக்குத்தான் போய்ச் சேரும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்க்காரர்கள் இதைச் செய்யக் கூடாது.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டுக் காரை இறுக மூடுவதும் தவறு. ஈரத்தோடு மூடினால் உள்ளே நீராவிதான். நாலு பக்கமும் காற்றோடும் கூரைக்கொட்டகை போதும். தரை மண்ணாக இருந்தால் சிமென்ட்டோ கல்லோ போடுங்கள். மண்ணின் ஈரம் இரவெல்லாம் மேலே எழும்பும்.

கடைசியாக ஒன்று. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அதன்பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. அலுவலகத்தில் முதலில் பார்ப்பது தகட்டில் பொறித்த சேஸிஸ் எண். அந்த எண்ணைச் சுற்றித் துரு இருந்தால் பட்டறையில் யாரும் அவசரத்தில் கிரைண்டர் வைத்துவிடாமல் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். அங்கே கம்பி பிரஷும் கன்வெர்ட்டரும் மட்டும் போதும். வேலை தொடங்கும் முன் எண் தெளிவாகத் தெரியும்படி படமும், பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சும் எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். எண் பொறித்த தகட்டையே மாற்ற வேண்டிய நிலை என்றால், வெட்டுவதற்கு முன்பே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.